வெறும் சளி என்று சொன்னோம்

பெண் பிள்ளை விஷயம், இதையெல்லாம் எழுதி வைக்காதே என்று சொந்தத்தில் சிலர் சொன்னார்கள். நாளைக்கு அவளுக்கு வரன் பேச வரும்போது யாராவது எடுத்துக் காட்டுவார்களாம். காட்டட்டும். அவர்களுக்குத் தேடும் சிரமம் வேண்டாம் என்றுதான் நானே எழுதுகிறேன்.

என் மகள் பெயர் யாழினி. கழுத்துக்குக் கீழே தொடங்கி அவளுடைய நெஞ்சின் நடுவில் ஒரு கோடு இறங்குகிறது. அந்தக் கோடு எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். குழந்தைக்கு இருதயத்தில் கோளாறு என்று கேட்டுவிட்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவுக்கு இது உதவினால் போதும். மற்றவர்கள் வம்புக்காகப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை.

நாங்கள் கிள்ளானில் இருக்கிறோம். என் கணவர் சசி துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். நான் போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் லோரிகளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவள். நாள் முழுக்க ஓட்டுநர்களோடு ஃபோனில் மல்லுக்கட்டி என் குரல் பெரிதாகிவிட்டது. எங்களோடு சசியின் அக்கா ராஜேஸ்வரியும் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைக்கிறார். தாயில்லாத தம்பியை வளர்த்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். நான் பிள்ளை பெற்று வந்தபோது கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டுமாகப் பத்தியம் பார்த்தவர் அவர்தான்.

யாழினி பால் குடிக்கும்போது தலை நனைந்துவிடும். ஏர்கோன் ஓடும் அறையிலும் அப்படித்தான். நாலு இழுப்பு இழுப்பாள், நிறுத்தி மூச்சு வாங்குவாள், பாதியில் தூங்கிவிடுவாள். நன்றாக இழுத்துக் குடிக்கிறாள், அதனால் வியர்க்கிறது என்று அண்ணி துடைத்துவிடுவார். பார்க்க வந்தவர்களும் பிள்ளைக்குத் தலை வியர்ப்பது நல்லது என்றார்கள். அழுது ஊரைக் கூட்டாத பிள்ளை, சமத்து என்று பெயர் வேறு. பச்சைக் குழந்தைக்குப் பால் குடிப்பது நமக்கு மாடிப்படி ஏறுவது மாதிரி என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். என் மகள் ஒவ்வொரு முறையும் மாடி ஏறி வியர்த்திருக்கிறாள். அழுவதற்கே அவளுக்குத் தெம்பில்லை. அதைத்தான் நாங்கள் சமத்து என்று கொஞ்சிக்கொண்டிருந்தோம்.

ஒரு மாதப் பரிசோதனைக்கு அரசாங்க கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எடை போட்ட நர்ஸ், எங்கள் பேச்சில் மிஸ்ஸி, தராசில் ஏதோ கோளாறு என்று நினைத்து இன்னொரு முறை போட்டார். கோளாறு தராசில் இல்லை. டாக்டர் அவள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய் வருவதை எனக்குக் காட்டினார். நான் தினமும் குளிப்பாட்டும் உடம்புதான். பார்த்திருக்கிறேன், ஆனால் என்னவென்று தெரிந்திருக்கவில்லை. அன்றே கோலாலம்பூரில் ஒரு பெரிய அரசாங்க மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார்கள். பச்சை உடம்புக்காரி கே.எல். காற்றில் அலையக்கூடாது என்று அண்ணி என் காதில் பஞ்சடைத்துத் தலையில் துணி கட்டி அனுப்பினார்.

அங்கே முதலில் எக்கோ எடுத்தார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எடுக்கும் ஸ்கேன் போலத்தான் இதுவும். குளிர்ந்த ஜெல்லியைத் தடவி, ஒரு சின்னக் கருவியை நெஞ்சில் வைத்து, இருதயம் திறந்து மூடுவதைத் திரையில் பார்க்கிறார்கள். வலி கிடையாது. ஆனால் குழந்தை அசையக்கூடாது. சர்க்கரைத் தண்ணீர் தொட்ட விரலை அவள் வாயில் வைத்துக்கொண்டு நான் குனிந்தே நின்றேன். குழந்தைகளின் இருதய நிபுணர் டாக்டர் லிம், சிறிய உருவம், வேகமாகப் பேசுகிற பெண்மணி. அன்றைக்கு ரொம்ப நேரம் அவர் பேசவே இல்லை. எனக்குத் திரையில் இருப்பது ஒன்றும் புரியவில்லை. அதனால் அவர் முகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன், அதில் நல்ல சேதி எதுவும் இல்லை.

பிறகு உட்காரவைத்துச் சொன்னார். இருதயத்தின் இடது பக்கத்தில், மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே ஒரு வால்வு இருக்கிறது. மைட்ரல் வால்வு என்று பெயர். நுரையீரலிலிருந்து வருகிற நல்ல ரத்தம் அது வழியாகத்தான் கீழே இறங்கும். அதற்கு இரண்டு மெல்லிய இதழ்கள். இதழ்களின் ஓரத்தில் நூல் போலச் சின்னச் சின்னக் கயிறுகள். அந்தக் கயிறுகள் கீழ் அறையில் இரண்டு தசைத் தூண்களில் கட்டப்பட்டிருக்கும். யாழினிக்கு எல்லாக் கயிறும் ஒரே தூணில் போய்ச் சேர்ந்திருக்கிறது. பார்க்கப் பாரசூட் போல இருப்பதால் பாரசூட் மைட்ரல் வால்வு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கயிறுகள் ஒரே பக்கம் இழுப்பதால் இதழ்கள் விரியவில்லை. ரத்தம் கீழே இறங்க வழி போதாமல் மேலே தேங்கி, நுரையீரலை நனைக்கிறது. மூச்சு வாங்குவதும் வியர்ப்பதும் எடை ஏறாததும் அதனால்தான். பிறவியிலேயே வருவது, ரொம்ப அபூர்வம் என்றார்.

சசி கண்டெய்னருக்கு மாறுவதற்கு முன்பு கான்வாஸ் மூடிய லோரி ஓட்டியவர். கயிறெல்லாம் ஒரே கொக்கியில் மாட்டியிருக்கிறதா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றார் டாக்டர். அவிழ்த்து இரண்டு கொக்கியில் கட்ட முடியாதா என்பது அடுத்த கேள்வி. அவிழ்க்க முடியாது, ஆனால் அந்த ஒற்றைத் தூணை நடுவில் பிளந்து இரண்டாக்கி, ஒட்டிக்கிடக்கும் கயிறுகளைப் பிரித்துவிட முயலலாம் என்றார். வேறு வால்வு வைத்தால் என்ன என்று நான் கேட்டேன். குழந்தை வளரும், வைத்த வால்வு வளராது, அதனால் முடிந்தவரை அவளுடையதையே சரி செய்யப் பார்க்கிறோம் என்றார். நான் எதையாவது தின்று, எங்கேயாவது போய் இப்படி ஆனதா என்றும் கேட்டேன். நீங்கள் செய்த எதனாலும் இல்லை என்று தெளிவாகச் சொன்னார். அதைப் பத்துப் பேருக்குக் கேட்கும்படி அவரையே சொல்லவைத்திருக்க வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் அவள் இன்னும் கொஞ்சம் எடை ஏற வேண்டும், நெஞ்சில் சளி இருக்கக்கூடாது. நுரையீரலில் தேங்குவதைச் சிறுநீராக வெளியேற்ற ஒரு மருந்து கொடுத்தார்கள். தண்ணி மருந்து என்று வார்டில் எல்லாரும் சொல்வார்கள். கிளம்பும்போது டாக்டர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சளி, இருமல் உள்ளவர்களைக் கிட்டே விடாதீர்கள். மற்றப் பிள்ளைகளுக்கு வந்து போகிற சளி இவளைப் படுக்கவைத்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி வாசல் கதவைச் சாத்தினார். பகல் நேரத்தில் எங்கள் வீட்டுக் கதவை யாரும் சாத்துவதில்லை. சசியைப் பார்த்துச் சொன்னார்:

"பொம்பளப் பிள்ளைடா. நெஞ்சில கோளாறுன்னு இன்னைக்குச் சொன்னா, இருபது வருஷம் கழிச்சும் கேப்பாங்க. சளின்னு சொல்லிக்கலாம். ஊருக்கு மறதியே கிடையாது லா."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அண்ணி ஏன் அப்படிப் பேசினார் என்பதைச் சசி பிறகு என்னிடம் சொன்னார். சின்ன வயதில் அவருக்குச் சில தடவை வலிப்பு வந்திருக்கிறது. மருந்து சாப்பிட்டு நின்றும்விட்டது. வயதுக்கு வந்து பெண் பார்த்து, தட்டு மாற்றுகிற அளவுக்கு வந்த சம்பந்தம், யாரோ போய்ச் சொன்ன ஒரு வார்த்தையில் நின்றுபோனது. அடுத்து வந்தவர்களுக்கும் அந்த வார்த்தை முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அதன் பிறகு அவர் தையல் மிஷினே கதி என்று உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ மணப்பெண்களுக்கு ரவிக்கை தைத்திருக்கிறார். அந்தப் பேச்சை மட்டும் யாரும் வீட்டில் எடுப்பதில்லை.

சரி என்று நானும் தலையாட்டினேன். பத்தியத்தில் கிடந்த உடம்பு, அழுது வீங்கிய முகம், யாருக்கும் விளக்கம் சொல்லாமல் இருந்தால் போதும் என்றிருந்தது. இதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. மருந்து பாட்டில்கள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போயின. யாராவது ஃபோன் செய்தால் பிள்ளைக்குக் கொஞ்சம் சளி, வெறும் சளி என்று மூன்று பேரும் ஒரே பாட்டைப் பாடினோம்.

சளி என்றால் எத்தனை நாளைக்குச் சளி? முப்பதாம் நாள் கும்பிட்டுத் தொட்டிலில் போட வேண்டிய சடங்கு தள்ளிக்கொண்டே போனது. ஏன் கூப்பிடவில்லை, பிள்ளைக்கு என்ன, காட்டமாட்டேன் என்கிறார்களே என்று பேச்சு கிளம்பியது. இதற்கு மேல் தள்ளினால் சந்தேகம் வரும், சின்னதாகச் செய்துவிடுவோம் என்றார் அண்ணி. நோயை மறைக்க ஒரு விசேஷம் வைக்கிற கூட்டம் உலகத்தில் எங்களைத் தவிர வேறு உண்டா என்று தெரியவில்லை.

சின்னதாக என்றால் எங்கள் சொந்தத்தில் வீடு நிறையத்தான். தொட்டிலுக்குச் சேலை கட்டி, பூச்சரம் சுற்றி, அண்ணி தைத்த பட்டுச் சட்டையில் யாழினியைக் கிடத்தினோம். கறுப்புப் பொட்டு பெரிதாக வைத்தோம், கண் படக்கூடாதே. கண் படவில்லை, கை பட்டது. ஒருவர் மாற்றி ஒருவர் தூக்கினார்கள். சசியின் சித்தப்பா மகள் வனிதா ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து மகனோடு வந்திருந்தாள். நாலு வயதுப் பையன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பாப்பாவுக்குச் சளி, இவனுக்கும் சளி, ரெண்டும் ஜோடி என்று வனிதா சிரித்தாள். அவன் தொட்டிலுக்குள் தலையை விட்டு யாழினியின் வாயிலேயே முத்தம் கொடுத்தான். நான் எட்டி அவனை இழுப்பதற்குள் அது நடந்துவிட்டது. என்ன இப்படிப் பறக்கிறாய், பிள்ளைதானே என்றார் ஒரு பெரியம்மா.  காரணம் சொன்னால் டின்னைத் திறக்க வேண்டும்.

சில நாட்களிலேயே அவள் மூச்சு மாறியது. உதட்டைச் சுற்றி நீலம் பாரித்தது. சசி காரை ஓட்ட, நான் பின் சீட்டில் அவளை நிமிர்த்திப் பிடித்தபடி ஃபெடரல் ஹைவேயில் போன அந்தப் பயணத்தைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன் என்று மட்டும் சொல்கிறேன்.

வார்டில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். நுரையீரலின் சிறு குழாய்களில் கிருமி தொற்றி வீங்கியிருக்கிறது, ஏற்கெனவே நனைந்திருந்த நுரையீரல் இப்போது இன்னும் திணறுகிறது என்றார் டாக்டர் லிம். பால் இழுக்கக்கூட முடியாததால் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டார்கள். குறித்திருந்த அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. வீட்டில் யாருக்காவது சளியா என்று கேட்டார். விசேஷத்தைச் சொன்னேன். வந்தவர்களுக்கு இவள் நிலைமை தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் திட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

வார்டுக்கு வெளியே நாற்காலி வரிசையில் சசியும் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். வனிதா ஃபோன் பண்ணியிருக்கிறாள், பிள்ளைக்குச் சளி அதிகமாகி அட்மிட் பண்ணியிருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன் என்றார் அண்ணி. இன்னும் சளி. எனக்குள் ஏதோ அறுந்தது. ஃபோனை எடுத்து, சசி பக்கத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து, குரல் பதிவை அழுத்தினேன். லோரிக்காரர்களிடம் பேசுகிற குரலிலேயே பேசினேன்.

"எல்லாரும் கேளுங்க, நான் புனிதா பேசுறேன். யாழினிக்குச் சளி இல்ல. அவளுக்குப் பிறவியிலேயே இருதய வால்வு சரியில்ல. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணணும். உங்ககிட்ட மறைச்சோம், அதனால சளியோட வந்தீங்க, இப்ப அவ ஆக்ஸிஜன்ல இருக்கா. இனிமே யாருக்காவது இருமல் தும்மல் இருந்தா எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க. இதை யாருக்கு வேணும்னாலும் அனுப்புங்க. எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்ல."

எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மலாய் அம்மா தமிழ் தெரியாமலே திரும்பிப் பார்த்தார். அண்ணியின் முகம் சுண்டிப்போனது. என் கையைப் பிடித்தார். 

"அழிச்சிடு புனிதா, இன்னும் நேரம் இருக்கு. அவ கல்யாணத்துக்கு நிக்கும்போது என்னை மாதிரி ஆயிடுவா."

"அண்ணி, கல்யாணத்துக்கு நிக்கிறதுக்கு அவ மொதல்ல உயிரோட இருக்கணும்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். நானும் சமாதானம் சொல்லவில்லை. அவர்மேல் எனக்கு அன்பு உண்டு, ஆனால் அன்றைக்கு என்னிடம் இருந்ததெல்லாம் யாழினிக்கே போதவில்லை.

 குரூப்பில் முதலில், கேட்டுவிட்டார்கள் என்பதற்கான நீலக் கோடுகள் மட்டும் விழுந்தன. பிறகு ஆளுக்கொன்று வந்தது. கும்பிடும் கை, கோயில் பெயர், பரிகாரம், கிரகணத்தன்று வெளியே போனாயா என்ற விசாரணை. ஒரு மாமா மட்டும் குரூப்பில் எழுதாமல் தனியாகக் கூப்பிட்டார். அவருடைய மூத்த மகனுக்கும் இருதயத்தில் ஓட்டை இருந்ததாம், சின்னதிலேயே அடைத்தார்களாம், இதுவரை யாருக்கும் சொன்னதில்லையாம். அந்தப் பையனை எனக்குத் தெரியும். காற்பந்து ஆடுகிறான். மறுநாள் இன்னொரு வீட்டிலிருந்து இன்னொரு கதை வந்தது, அதுவும் தனியாக, அதுவும் மெதுவான குரலில். எங்கள் சொந்தத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பிஸ்கட் டின் இருந்திருக்கிறது. ஒருவருக்கொருவர் மூடி மூடி வைத்து, ஒவ்வொருவரும் தனியாகப் பயந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது.

வனிதா ஃபோனில் அழுதாள். தெரிந்திருந்தால் வந்தே இருக்கமாட்டேனே என்றாள். உன்மேல் தப்பில்லை, நாங்கள் சொல்லவில்லை என்றேன். ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து மருத்துவமனைக்குக் கிள்ளானைவிடப் பக்கம். தினமும் சோறு கட்டிக் கொண்டுவந்து வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, உள்ளே வராமல், கீழே நின்று கையாட்டிவிட்டுப் போவாள். என் அழுக்குத் துணிகளை வாங்கிப் போய்த் துவைத்து மடித்துத் தருவாள். சசியின் கூட்டாளிகள் அவருடைய ஓட்டங்களைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். யாரிடமும் சொல்லாமல் இருந்திருந்தால் இதில் எது கிடைத்திருக்கும்?

பில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனியார் மருத்துவமனையில் சீக்கிரம் முடியும் என்று ஒருவர் சொல்ல, சசி போய் விலை கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கி வந்தார். அந்தத் தாளை முழுக்கப் படிக்காமலே மடித்துவிட்டோம். அரசாங்க மருத்துவமனையில் கட்டணம் பெரிதில்லை, வரிசைதான் பெரிது. அந்த வரிசையில் நம் பிள்ளைக்கு முன்னால் இருப்பதும் யாரோ பெற்ற பிள்ளை என்று வார்டுக்குள் இருந்து பார்த்தால்தான் புரியும். வெளியில் இருந்து கூப்பாடு போடுவது சுலபம்.

பக்கத்துக் கட்டிலில் சல்மா என்கிற தமிழ் முஸ்லிம் பெண்ணின் மகன் இருந்தான், அவனுக்கு வேறு வகை இருதயக் கோளாறு. அவள் கணவருக்குக் கே.எல். மஸ்ஜித் இந்தியா தெருவில் துணிக்கடை. நெஞ்சில் ஒட்டியிருக்கும் வயர்களால் பிள்ளைகளுக்குத் தலைவழியாகச் சட்டை போட முடியாமல் நாங்கள் இருவரும் திண்டாடியதைப் பார்த்து, அவர் கடையிலிருந்து மெல்லிய பருத்தித் துணி அனுப்பினார். அதைச் சசி வீட்டுக்கு எடுத்துப் போனார். இரண்டு நாளில் முன்பக்கம் முழுக்கத் திறக்கிற சட்டைகள் வந்தன. நாடா வைத்து, வயர் வெளியே வர ஓரத்தில் இடம் விட்டு, தையல் பிள்ளையின் தோலில் படாமல் வெளிப்பக்கம் திருப்பித் தைத்திருந்தது. சல்மாவின் மகனுக்கும் சேர்த்தே இருந்தது. அண்ணி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. 

தொற்று குறைந்ததும், அடுத்த தேதி வரும்வரை வீட்டில் வைத்திருங்கள் என்று மூக்குக் குழாயோடு அனுப்பினார்கள். வந்த அன்றே வாசல் கேட்டில் ஒரு தாளை ஒட்டினேன். தமிழில், மலாயில், ஆங்கிலத்தில்: இந்த வீட்டில் இருதய நோயுள்ள குழந்தை இருக்கிறது, சளி இருமல் உள்ளவர்கள் தயவுசெய்து உள்ளே வர வேண்டாம். அண்ணி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நான் இல்லாதபோது கிழித்துவிடுவார் என்றே நினைத்தேன். ஒரு சாயங்காலம் நல்ல மழை பெய்து எழுத்தெல்லாம் கரைந்துபோனது. புதிதாக எழுதி ஒட்டினேன். மறுநாள் காலையில் பார்த்தால் அந்தத் தாள் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறையின் நான்கு ஓரமும் மிஷினில் நெருக்கித் தைக்கப்பட்டிருந்தன. எங்கள் வீட்டில் மிஷின் மிதிப்பவர் ஒருவர்தான்.

அந்த வாரங்களில் குழாய் வழியாகப் பால் இறக்குவதை அண்ணியும் கற்றுக்கொண்டார். ஊசிக்குழலை உயரப் பிடித்து, பால் தானாக இறங்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும். என்னைவிட அவருக்குப் பொறுமை அதிகம். யாழினி கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏறினாள். பிள்ளையின் எடையை வாய்விட்டுச் சொன்னால் கண் படும் என்பார்கள். நான் ஒவ்வொரு கிராமையும் குரூப்பில் போட்டேன்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் சர்ஜன் எங்களை உட்காரவைத்தார். நடுவயது மலாய்க்காரர், சுற்றி வளைக்காத பேச்சு. நெஞ்செலும்பை நடுவில் பிரித்து, இருதயத்தை நிறுத்தி, ரத்தத்தை ஒரு இயந்திரம் வழியாகச் சுற்றவிட்டு வேலை செய்வார்கள். அந்த நேரம் அவளுக்குப் பதிலாக இயந்திரம்தான் மூச்சும் விடும், ரத்தமும் ஓட்டும். தூணைப் பிளக்கும்போது தவறினால் வால்வு ஒழுகும். ரொம்பச் சின்ன இருதயம். அவள் திரும்பி வராமலும் போகலாம் என்று சொல்லிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்தபடி நிறுத்தினார். சசி எழுந்து வெளியே போய்விட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஒன்றும் செய்யாமல் விட்டால் அவள் மாடி ஏறி ஏறியே ஓய்ந்துபோவாள். நான் பெற்றது அதற்கில்லை.

மறுநாள் அவளை ஆபரேஷன் தியேட்டர் கதவு வரைக்கும் நான்தான் தூக்கிப் போனேன். உள்ளே வாங்கிக்கொண்ட மிஸ்ஸியின் முகக்கவசத்துக்கு மேல் தெரிந்த கண்களைப் பார்த்து, நீங்கள் பத்திரமாகக் கொண்டுவந்து தர வேண்டும் என்று மலாயில் சொன்னேன். கெஞ்சலாக வரவில்லை, துறைமுகத்தில் சரக்கு ஒப்படைக்கிற குரலாகத்தான் வந்தது. அவர் சிரித்த மாதிரி இருந்தது.

காத்திருக்கும் இடத்தில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். அண்ணி மடியில் ஒரு சட்டையை வைத்து ஓரம் மடித்துக் கையால் தைத்துக்கொண்டிருந்தார். ஒரே ஓரத்தைத் தைத்துப் பிரித்து, மறுபடி தைத்தார். அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு கேள்விதான், காலையில் நான் சாப்பிட்டேனா என்று. இல்லை என்றேன். பையிலிருந்து வனிதா கட்டிக்கொடுத்த தோசையை எடுத்து, பிய்த்து, என் வாயில் வைத்தார். நான் மென்றேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் பழைய பேச்சு திரும்பிவிட்டது.

சாயங்காலம் சர்ஜன் வெளியே வந்தார். தொப்பி வைத்த தடம் நெற்றியில் இருந்தது. தூணைப் பிளந்துவிட்டோம், கயிறுகளைப் பிரித்துவிட்டோம், இதழ்கள் திறக்கின்றன, கொஞ்சம் ஒழுகுகிறது, அது இப்போதைக்குப் பரவாயில்லை என்றார். சசி அவர் கையைப் பிடித்து, இப்போது ரெண்டு கொக்கியா டாக்டர் என்று கேட்டார். ரெண்டு என்று இரண்டு விரலைக் காட்டினார் அந்த மனிதர்.

ஐசியூவில் முதலில் பார்த்தபோது எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. வீங்கிய முகம், வாயில் மூச்சுக் குழாய், நெஞ்சிலிருந்து தண்ணீர் வடிகிற குழாய்கள், கையிலும் கழுத்திலும் ஊசிகள். பயப்படாதீர்கள், ஒவ்வொரு குழாயும் ஒரு நாள் குறையும் என்று மிஸ்ஸி சொன்னார். உண்மைதான். குழாய்களைக் கழற்றுகிற வேகத்தில்தான் அங்கே நாட்கள் நகர்ந்தன. ஒருமுறை காய்ச்சல் வந்தது, ஒருமுறை இருதயத் துடிப்பு தாறுமாறாகி ஓடி வந்தார்கள், மருந்தில் அடங்கியது. மூச்சுக் குழாயை எடுத்த அன்று அவள் அழுதாள். தொண்டை கரகரத்து, பூனைக்குட்டி மாதிரி ஒரு அழுகை. பிறகு வார்டுக்கு வந்து நாலைந்து நாளில் அந்தக் குரல் ஏறியது. பால் தாமதமானதற்கு வார்டே அதிரக் கத்தினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் முகம் சுளித்தார்கள். நான் நிறுத்தச் சொல்லவே இல்லை. சமத்தாக இருந்த பிள்ளையை எனக்குத் தெரியும், அது எனக்கு வேண்டாம்.

யாழினி முழுக்கக் குணமாகிவிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். வால்வு பழுது பார்த்த வால்வு. அவள் வளர வளர எக்கோ எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொரு முறை நெஞ்சைத் திறக்க வேண்டியும் வரலாம். வந்தால் பார்த்துக்கொள்வோம். இப்போது ஓடுகிறாள், அடிக்கிறாள், பிஸ்கட் டின்னைத் தரையில் உருட்டுகிறாள். மருந்து பாட்டில்கள் சமையலறை அலமாரியில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிற்கின்றன.

சென்ற மாதம் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். அண்ணி அவளுக்குப் புதுச் சட்டை தைத்திருந்தார். ரோஸ் பட்டு, கழுத்து வரைக்கும் ஏறின காலர், வரிசையாகச் சின்னப் பட்டன்கள். காலர் எதற்கு என்று எனக்குத் தெரியும். ஊரே அறிந்த விஷயத்துக்கு இன்னும் ஒரு மூடி. சொல்ல வாயெடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். எத்தனை வருஷத்துப் பயம் அது, ஒரு குரல் பதிவில் போய்விடுமா?

மண்டபத்தில் ஏர்கோன் சரியில்லை. அண்ணியின் மடியில் யாழினி வியர்த்து வழிந்து, காலரைப் பிடித்து இழுத்துக் கத்தினாள். அண்ணி சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு மேல் பட்டனைக் கழற்றினார். அடுத்ததையும் கழற்றி, கைக்குட்டையால் அவள் நெஞ்சைத் துடைத்துவிட்டார். கோடு நன்றாகத் தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர், எங்களுக்கு முன்பின் தெரியாதவர், குனிந்து பார்த்து, ஐயோ பொம்பளப் பிள்ளைக்கு நெஞ்சில் என்ன இது என்று கேட்டார். நான் பதில் சொல்லத் திரும்பினேன். அண்ணி முந்திக்கொண்டார்.

"வால்வு ஆபரேஷன் ஆன்டி. பிறந்ததில இருந்தே இருந்துச்சு, இப்ப சரி பண்ணியாச்சு." கொஞ்சம் நிறுத்தினார். யாழினியின் தலையைத் தடவிக்கொண்டே, அதே குரலில் மேலே சொன்னார். "எனக்குக்கூடச் சின்ன வயசுல வலிப்பு வரும். மருந்து சாப்பிட்டேன், நின்னுடுச்சு."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. பின் வரிசையில் உட்கார்ந்திருந்த சசி தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஆன்டி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். அண்ணி உடனே யாழினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உங்களுக்குச் சளியா ஆன்டி? கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

அவர் எழுந்து இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார். யாழினி மூன்றாவது பட்டனைப் பிய்த்துக்கொண்டிருந்தாள், அண்ணி அதைத் தடுக்கவில்லை.